கணவாய் விஷமும் ஒன்பது நாள் லீவும்

மே மாசம் பிறந்துட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டாக்டர்களுக்கு ஒரு புது வகை நோயாளிகள் வர ஆரம்பிச்சிடுவாங்க. நோய்னு எதுவும் இருக்காது. இருபத்தஞ்சு, இருபத்தேழு வயசு. ஒரகடத்துலயோ வல்லம் வடகால்லயோ ஷிஃப்ட் வேலை. ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி சைக்கிளை எடுத்து, காஞ்சிபுரம் போய் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள ரூமுக்குத் திரும்பற ஆளுங்க. "டாக்டர், லே போறோம். சைக்கிள்ல. ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும்."

திட்டம் அநேகமா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஃபிளைட்ல லே. மறுநாள் சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டறது. மூணாம் நாள் கார்டுங் லா. அங்கிருந்து நூப்ரா, அப்புறம் ஷையோக் ஆத்தை ஒட்டின ஜல்லி ரோட்டுல பாங்காங் ஏரி. திரும்பி லே, ஃபிளைட், திங்கக்கிழமை ஜெனரல் ஷிஃப்ட். மொத்தம் ஒன்பது நாள், ஏன்னா லீவு அவ்வளவுதான்.

பிபி பார்த்தா அருமை. நாடித்துடிப்பு அம்பத்து சொச்சம். நுரையீரல் சுத்தம். ஈசிஜி பாடப்புத்தகத்துல போடலாம். சிக்கலே அங்கதான். இந்த ஒரு விஷயத்துல நல்ல உடம்பு ஆளைக் காப்பாத்தாது. அதை மனுஷன் கத்துக்கிட்ட கதை ரெண்டாயிரம் வருஷக் கதை. கொஞ்சம் நீளமான இழை, டீயோட உக்காந்து படிங்க.

முதல்ல நம்ம ஊர்க் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் கடல் மட்டத்துலேர்ந்து 50 மீட்டர் கூட இல்லை. "டாக்டர், கொல்லிமலை எழுபது கொண்டை ஊசியையும் இறங்காம ஏறினோம்" என்பாங்க. சந்தோஷம். ஆனா உயர நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேல போய் ராத் தங்கும்போதுதான் தலைகாட்டும். தமிழ்நாட்டுலயே உயரமான தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஊட்டியில தூங்குறது 2,240ல. அதாவது இந்த நோய் உங்களுக்கு வருமா வராதான்னு சோதிச்சுப் பார்க்க நம்ம மாநிலத்துல இடமே இல்லை. கொல்லிமலை உங்க தொடையைச் சோதிச்சது. அவ்வளவுதான்.

லே 3,500 மீட்டர். அங்க காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கு. கார்டுங் லாவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆக்ஸிஜனோட விகிதம் எல்லா இடத்துலயும் அதே 21 விழுக்காடுதான். அதை நுரையீரலுக்குள்ள தள்ளற அழுத்தம்தான் குறையுது.

இந்த அழுத்தக் கணக்கு தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே நோய் தெரிஞ்சிருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டுல, காஷ்மீர்-காந்தாரம் பக்கத்து நாடுகளுக்குத் தூதர்களை அனுப்பறது தேவையான்னு சீன ஹான் அரசவையில விவாதம் வருது. வேண்டாம்னு வாதாடின அதிகாரி சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, வழியில இருக்கற ரெண்டு மலை: பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை. அதைக் கடந்தா ஆளுக்கும் கழுதைக்கும் தலைவலி, வாந்தி. மலைக்கே நோயோட பேரை வெச்சிருக்காங்க பாருங்க. இன்னிக்கும் உயர நோய்க்கு நாங்க கேக்கற முதல் கேள்வி தலைவலி இருக்கான்னுதான்.

லடாக் பக்கம் இதுக்குப் பேர் "லா துக்". லா என்றால் கணவாய், துக் என்றால் விஷம். கணவாய் விஷம். மலைச்செடிகளோட வாசனையாலதான் இது வருதுன்னும், விஷக்காத்துன்னும் நம்பினாங்க. சிரிக்க ஒண்ணுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு, குறிப்பிட்ட இடத்துல மட்டும், மூச்சு வழியா ஆளைச் சாய்க்குதுன்னு அவங்க கவனிச்சது நூத்துக்கு நூறு சரி. காத்துல எதுவும் கூடலை, குறைஞ்சிருக்கு. அது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியலை.

எனக்குப் பிடிச்ச சாட்சி பதினாறாம் நூற்றாண்டு ஆள். யார்கண்டை ஆண்ட சுல்தான் சயீத் கான் 1532ல படையோட லடாக்குக்கு வர்றார். போற வழியிலேயே மூச்சுத் திணறிச் சாகக் கிடந்து பிழைக்கிறார். அடுத்த வருஷம் திரும்பிப் போகும்போது, 1533ல, அதே கணவாய்ப் பாதையில செத்துப் போறார். அவரோட தளபதியும் உறவினருமான மிர்சா ஹைதர் துக்லத் பிற்பாடு காஷ்மீரை ஆண்டபோது பாரசீகத்துல 'தாரிக்-இ-ரஷீதி' எழுதினார். அதுல இந்த நோய்க்கு அவர் தர்ற பேர் தம்கீரி: மூச்சைப் பிடிக்கறது.

அவர் டாக்டர் இல்லை, படை நடத்தினவர். ஆனா அவர் எழுதி வெச்ச குறிகளை இன்னிக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்ல எழுதினா பாஸ் போட்டுடலாம். மூச்சு வாங்குது, சுமை தூக்கினவன் மாதிரி அசதி, தூக்கம் வராது, பேச்சு குழறுது, கை கால் வீங்குது. ரெண்டு விஷயம் அவர் குறிச்சது முக்கியம். ஒண்ணு, இது வெளியூர்க்காரங்களைத்தான் தாக்குது, உள்ளூர் ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. ரெண்டு, குதிரைகளுக்கும் வருது. அரசன், சிப்பாய், குதிரைன்னு பாகுபாடே இல்லை. லடாக்கோட வடகோடியில இன்னிக்கு ராணுவ விமானத்தளம் இருக்கற தௌலத் பெக் ஓல்டிங்கற பேருக்கே 'பெரிய செல்வந்தர் செத்த இடம்'னு துருக்கி மொழியில அர்த்தம் சொல்றாங்க. அந்தச் செல்வந்தர் சயீத் கான்தான்னும் சொல்லப்படுது.

சைக்கிளுக்கு வருவோம். நம்ம தம்பிகளுக்கு முன்னோடி ஒரு ஜோடி இருக்காங்க. வில்லியம் ஹண்டர் வொர்க்மேன், அமெரிக்க டாக்டர். அவர் மனைவி ஃபேனி புல்லக் வொர்க்மேன். 1897 கடைசியில இலங்கை வழியா வந்து இறங்கி, இந்தியாவோட தென்முனையிலேர்ந்து சைக்கிள்லயே கோயில் கோயிலா பார்த்துக்கிட்டு வடக்கே இமயமலை வரைக்கும் போனாங்க. பங்ச்சர் ஒட்டி ஒட்டியே பாதி நாள் போயிருக்கு. அந்தப் பயணக் கணக்கு பதினாலாயிரம் மைல்னு அவங்க 1904ல போட்ட புத்தகத்தோட தலைப்புலயே இருக்கு. நீளப் பாவாடையோட ஃபேனி மிதிச்சிருக்காங்க; ஜெர்ஸி, ஜெல் பேடு எதுவும் கிடையாது.

1898 கோடையில வெயில் தாங்காம லடாக் பக்கம் ஏறினாங்க. அங்க சைக்கிள் போற பாதை இல்லை, நடையும் குதிரையும்தான். கணவாய் கணவாயா ஏறினாங்க. ஃபேனி பிற்பாடு 1906ல பினக்கிள் சிகரம் ஏறி, அன்னிக்குப் பெண்கள் ஏறின உயரத்துக்கே சாதனை வெச்சாங்க. ஏறத்தாழ 6,930 மீட்டர். கூலியாட்களை அவங்க நடத்தின விதம் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அது வேற கதை. ஆனா ஒண்ணு கவனிங்க. அவங்ககிட்ட ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை, மாத்திரை இல்லை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இல்லை. இருந்தது மாசக்கணக்கா நேரம். கீழேர்ந்து அடி அடியா ஏறினாங்க. உடம்பு கூடவே ஏறிச்சு.

நேரம் இல்லாம ஏறினவங்க கதை இன்னொரு பக்கம் இருக்கு, அது தொழிற்சாலை ஏரியா டாக்டரான எனக்கு ரொம்ப நெருக்கமானது. தாமஸ் ரேவன்ஹில் என்கிற ஆங்கிலேய டாக்டர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வட சிலி நாட்டுச் சுரங்கக் கம்பெனியில வேலை பார்த்தார். கம்பெனி டாக்டர், நம்ம ஆக்குபேஷனல் ஹெல்த் சென்டர் டாக்டர் மாதிரி. சுரங்கம் 4,700 மீட்டர் வாக்குல. புதுத் தொழிலாளிங்க கடற்கரையிலேர்ந்து ரயில்ல உக்காந்து ரெண்டே நாள்ல மேல வந்து இறங்கினாங்க. அதுவரைக்கும் மலைநோய்னா மலை ஏறின களைப்புன்னு ஒரு கட்சி இருந்தது. இங்க யாரும் ஏறவே இல்லை, ரயில்தான் ஏறிச்சு. அப்பவும் நோய் வந்தது.

ரேவன்ஹில் 1913ல எழுதின கட்டுரையில இதை மூணாப் பிரிச்சார்: சாதா வகை, மூச்சுத் திணறி நுரை தள்ற வகை, மூளை கலங்கற வகை. பின்ன ரெண்டும் ஆளைக் கொல்லும்னும், கீழ இறக்கினா பிழைப்பாங்கன்னும் கண்டார். இன்னிக்கு நாங்க படிக்கற மூணு வகையும் இதேதான். பேர் மட்டும் மாறியிருக்கு. அந்தக் கட்டுரையை அம்பது வருஷம் யாரும் சீண்டலை. முதல் உலகப்போருக்கு அப்புறம் அவர் வைத்தியத்தையே விட்டுட்டு தொல்லியலுக்கும் ஓவியத்துக்கும் போயிட்டார்.

அதனால அடுத்த அம்பது வருஷம் மலையில நுரையீரல்ல நீர் கோத்துச் செத்தவங்களுக்கு நிமோனியான்னு சீட்டு எழுதப்பட்டது. 1960ல சார்லஸ் ஹூஸ்டன், கே2 சிகரப் பயணங்களுக்குத் தலைமை தாங்கின அமெரிக்க டாக்டர், ஒரு நோயாளியைப் பத்தி எழுதினார். 21 வயசு பனிச்சறுக்கு வீரர், கொலராடோவுல கணவாய் தாண்டும்போது மூச்சுத் திணறல். இதயம் நல்லாருக்கு, நுரையீரல்ல மட்டும் நீர். ஆக்ஸிஜன் குடுத்ததும் தேறிட்டார். திடகாத்திரமான 21 வயசு. நம்ம சர்டிஃபிகேட் கேக்கற தம்பி மாதிரியே.

இனி நம்ம நாட்டுக் கதை. 1948 போர்ல லேவைக் காப்பாத்தணும், ரோடு இல்லை. சோனம் நோர்பு என்கிற லடாக்கி பொறியாளர் சிந்து நதிக்கரைப் பக்கம் உள்ளூர் மக்களை வெச்சே ஒரு ஓடுதளம் போட்டார். மே 24ஆம் தேதி மெஹர் சிங் டகோட்டா விமானத்தை அங்க இறக்கினார்; உள்ள ஜெனரல் திம்மையா. துணிச்சல்னா அது துணிச்சல். அந்த நாள்லேர்ந்து சமவெளி மனுஷன் சில மணி நேரத்துல லடாக்குக்குப் போக முடிஞ்சது. அவன் நுரையீரலுக்கு அந்த வேகம் தெரியாது.

பதினாலு வருஷம் கழிச்சு, 1962 அக்டோபர்ல அதுக்கான விலை தெரிஞ்சது. சீனப் போர். சமவெளியிலேர்ந்து வீரர்களை அள்ளிக்கிட்டுப் போய் 3,350லேர்ந்து 5,500 மீட்டர் வரைக்கும் இருக்கற இடங்கள்ல இறக்கினாங்க. ஏஎம்எக்ஸ் டாங்கிகளையே விமானத்துல ஏத்தி சுஷுல்ல இறக்கின அவசரம். வீரர்கள் எல்லாம் மருத்துவப் பரிசோதனையில தேறின இளைஞர்கள். குண்டடி படாமலே சரிஞ்சாங்க. தலைவலி, வாந்தி, அப்புறம் ராத்திரியில நெஞ்சுக்குள்ள கொதிக்கற சத்தம், சிவப்பு நுரை.

ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் கூட்டாளிகளும் அதை உக்காந்து எண்ணினாங்க. 1965ல 'லான்செட்' இதழ்ல நுரையீரல் நீர்க்கோவை பத்தி. 1969ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல 1,925 வீரர்களை வெச்சு உயர நோய் பத்தி. உலகத்துல அதுவரைக்கும் இவ்வளவு பேரை வெச்சு யாரும் எழுதினதில்லை. இந்திய வீரர்கள் மத்தியில நுரையீரல் நீர்க்கோவை நூத்துக்கு 15 பேர் வரைக்கும் வந்ததுன்னு இன்னிக்கும் உலகப் பாடப்புத்தகங்கள்ல வர்ற கணக்கு இந்த வேலையிலேர்ந்து வந்ததுதான். அவங்க சொன்ன வைத்தியம் எல்லாம் நிக்கலை. நீர் போக ஃப்ரூசமைடு குடுக்கலாம்னாங்க, இப்ப அதைச் செய்யறதில்லை. ஆனா எண்ணிக்கை நின்னுச்சு. ஏவரெஸ்ட் போற வெள்ளைக்காரங்க இன்னிக்கு முழுங்கற அறிவுரைக்கு அடியில நம்ம ஜவான்கள் நுரையீரல் இருக்கு. நம்ம மருத்துவக் கல்லூரியில இதைச் சொல்லிக் குடுத்த ஞாபகம் எனக்கு இல்லை.

அந்தப் பாடத்துலேர்ந்து வந்ததுதான் இன்னிக்கு ராணுவ ஒழுங்கு. 9,000 அடி தாண்டினதும் ஆறு நாள், 12,000 தாண்டினா இன்னும் நாலு, 15,000 தாண்டினா மறுபடி நாலு. முதல் ரெண்டு நாள் ஓய்வு. மொத்தம் பதினாலு நாள். நல்ல பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே பதினாலு நாள். நம்ம தம்பி பயணம் முழுசுக்குமே ஒன்பது நாள்.

1976ல வெளியான ஒரு ஆய்வுக்காக நேபாளத்துல ஹேக்கெட், ரென்னி, லெவின்னு மூணு டாக்டர்கள் ஏவரெஸ்ட் வழியில 4,243 மீட்டர்ல 278 பேரைப் பார்த்தாங்க. பாதிக்கு மேல உயர நோய். அதுலயும் லுக்லாவுக்கு விமானத்துல வந்து இறங்கினவங்களுக்கு, கீழேர்ந்து நடந்து வந்தவங்களை விட அதிகம். அதே மலை, அதே பாதை, வந்து சேர்ந்த வேகம் மட்டும் வேற.

ஏன் இப்படின்னு நம்ம ஊர் மொழியிலயே சொல்றேன். ராயல் என்ஃபீல்டு கதை உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்து ரெடிச்சுல சைக்கிள் செஞ்ச கம்பெனி, 1901ல மோட்டார் வண்டிக்கு வந்தது, இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வாங்கினதை ஒட்டி 1955ல திருவொற்றியூருக்கு வந்தது, 2013ல ஒரகடம், 2017ல வல்லம். 2016ல வந்த முதல் ஹிமாலயன் கார்புரேட்டர் வண்டி. உயரத்துல காத்து மெலிஞ்சா கார்புரேட்டருக்குத் தெரியாது. அதே பெட்ரோலை ஊத்தும், வண்டி திணறும். அப்புறம் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சென்சார் காத்தழுத்தத்தைப் படிச்சு அந்த நொடியே பெட்ரோலைக் குறைச்சுக்கும்.

நம்ம உடம்புலயும் சென்சார் இருக்கு, கழுத்து ரத்தக்குழாய்ல. ஆக்ஸிஜன் குறைஞ்ச உடனே வேகமா மூச்சு வாங்கச் சொல்லும். வேகமா மூச்சு விட்டா கரியமில வாயு அதிகமா வெளியேறி ரத்தம் காரத்தன்மை ஆயிடும். உடனே மூளை "போதும், மெதுவா விடு"ன்னு பிரேக் போடும். அந்தப் பிரேக்கை எடுக்க சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேத்தணும். அதுக்கு நாள்கணக்கு ஆகும். உடற்பயிற்சியால அதை வேகப்படுத்த முடியாது. அசிட்டசோலமைடு மாத்திரை செய்யறது அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் சீக்கிரம் தளர்த்தறது, அவ்வளவே. (சல்ஃபா ஒவ்வாமை இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.)

நல்ல உடம்புக்காரனுக்கு ஆபத்து ஏன் கூடுதல்னா, அவனால முடியும். தலைவலியோட மிதிக்க முடியும். மத்தவன் உக்கார்ற இடத்துல இவன் இன்னும் 500 மீட்டர் ஏறிடுவான். நுரையீரல் நீர்க்கோவை பெரும்பாலும் ரெண்டாவதுலேர்ந்து நாலாவது ராத்திரிக்குள்ள வரும். கடும் உடல் உழைப்பும் குளிரும் அதுக்குத் தூண்டுகோல். மூணாம் நாள் கார்டுங் லா போட்டிருக்கீங்களே, எங்க போய் விழுதுன்னு பாருங்க.

இன்னொரு விஷயம் யாரும் வரைபடத்துல பார்க்கறதில்லை. வைத்தியத்துல முதல் மருந்து கீழ இறங்கறது. பாங்காங் கரை 4,200 மீட்டருக்கு மேல. அங்க ராத்திரி மூச்சுத் திணறினா லேவுக்கு எப்படி வருவீங்க? நேர் வழி சாங் லா, 5,300 மீட்டருக்கு மேல. இறங்கணும்னா முதல்ல ஏறணும். நூப்ராவுலயும் அதே கதை, கார்டுங் லா குறுக்க நிக்கும்.

கார்டுங் லா பத்தி ஒரு சின்ன கிளைக்கதை. ரோடு 1976ல வந்தது, பொது வண்டிகளுக்கு 1988ல திறந்தாங்க. உலகத்துலயே உயரமான மோட்டார் சாலை, 18,380 அடின்னு ரொம்ப நாள் போர்டு இருந்தது. எத்தனையோ பேர் வீட்டு ஹால்ல அந்த போட்டோ இருக்கும். ஜிபிஎஸ் வெச்சு அளந்தா 17,582 அடி, 5,359 மீட்டர்தான். 2021ல 19,024 அடி உம்லிங் லா அந்தப் பட்டத்தை வாங்கிச்சு. அந்த போட்டோவுக்காகத்தான் மூணாம் நாளே ஓடறாங்க.

சைக்கிள் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. சொல்லப்போனா மலைக்கு ஏத்த வண்டி அதுதான். மணாலியிலேர்ந்து கார்ல கிளம்பினவன் ரெண்டு நாள்ல லே போயிடறான். நடுவுல சார்ச்சுவுல 4,200 மீட்டருக்கு மேல ராத்தங்கி, விடிய விடிய வாந்தி எடுக்கறான். சைக்கிள்காரன் அதே தூரத்துக்கு எட்டு, பத்து நாள் எடுத்துக்கறான். அவனோட மெதுவே அவனுக்கு மருந்து. அந்த மருந்தை ஃபிளைட் டிக்கெட் எடுத்துக் கெடுத்துக்கறோம்.

ஒன்பது நாள்தான் லீவுன்னா நான் சொல்ற பாதை இது. சைக்கிளோட ஸ்ரீநகர்ல இறங்குங்க, 1,600 மீட்டர் கூட இல்லை. சோனமார்க்ல முதல் ராத்திரி, அங்கேயே இன்னொரு ராத்திரி, 2,700 வாக்குல. அப்புறம் ஜோஜி லா, 3,528; மண்ணும் சரளையும் கலந்து உங்க அகல டயருக்கு வேலை குடுக்கும். திராஸ்ல தங்கல். மறுநாள் கார்கிலுக்கு இறக்கம், 2,700க்குக் கீழ வந்துடுவீங்க, உடம்புக்கு நல்லது. அதுக்கப்புறம் முல்பேக், நமிக்கா லா, ஃபோட்டு லா தாண்டி லாமாயூரு, கடைசியா சிந்துவை ஒட்டி லே. மொத்தம் 420 கிலோமீட்டர் சொச்சம். ஃபோட்டு லா 4,108 மீட்டர், அதையும் தாண்டித் தூங்க இறங்கிடறீங்க. தலைவலி இருந்தா அன்னிக்கு மேல போகாதீங்க. ஓய்வுல இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டுல குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கத் தடுமாறினாலோ, ராத்திரின்னும் பார்க்காம இறங்குங்க. கூட இருக்கறவன் தனியா இறங்கக் கூடாது, யாராவது ஒருத்தர் கூடப் போகணும்.

லேவுல ஏதாவது ஆச்சுன்னா எஸ்.என்.எம். ஆஸ்பத்திரி. உயர நோயை நம்மை விட நல்லாத் தெரிஞ்ச டாக்டர்கள் அங்க இருக்காங்க. எஸ்.என்.எம்.னா சோனம் நோர்பு மெமோரியல். 1948ல அந்த ஓடுதளத்தைப் போட்ட அதே பொறியாளர்தான்.